பிணத்துக்கு ஒரு மணி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை.

என் பெயர் ஐரின் யுர்கானின். பென்சில்வேனியா மலைகளுக்குள், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு சின்ன ஊரில் இறுதிச்சடங்கு இல்லம் நடத்துகிறேன். பிணத்தைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைப்பதெல்லாம் நிலவறையில். அங்கிருந்து மேலே கூடத்துக்குக் கொண்டுவர, கையால் சுற்றி இழுக்கும் ஒரு லிஃப்ட். சுரங்கம் மூடியபோது அங்கிருந்த மணியை அப்பா வாங்கிவந்து அதில் மாட்டினார். கீழே கம்பியை இழுத்தால் மேலே அடிக்கும். சுரங்கத்துச் சட்டம்தான் எங்களுக்கும். ஒரு தடவை அடித்தால் சரக்கு, மேலே இழு. மூன்று தடவை அடித்தால் உயிருள்ள ஆட்கள் ஏறியிருக்கிறார்கள், பார்த்து இழு. நாங்கள் ஒரு தடவைதான் அடிப்போம். பிணத்துக்கு எதற்கு மூன்று?

போன டிசம்பரில் வரலாற்றுச் சங்கத்துக் கார்லண்ட் ஒரு பித்தளைப் பலகையோடு வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். 1938 சுரங்கத் தீயில் உள்ளே மாட்டிய பதினொரு பேருக்கு நினைவுப் பலகை. அவர்களில் ஒருவர் என் தாத்தா பெத்ரோ. ஓர் உடலைக்கூட வெளியே எடுக்கவில்லை. சுரங்க வாயை அப்படியே அடைத்துவிட்டார்கள். பலகைத் திறப்பு விழா மறுநாள் என் கூடத்தில்தான்.

பலகையின் கடைசி வரி: 'அனைவரும் வலியின்றி அக்கணமே இறந்தனர்.'

“இத யாரு சொன்னது?”

“கம்பெனி அப்பவே சொல்லிடுச்சே. ஜனங்களுக்கும் ஆறுதல். நீ மாட்டேன்னு சொன்னா, உன் தாத்தா எழுந்தா வரப்போறாரு?”

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே பனி. அன்று கீழே பிணம் எதுவும் இல்லை. நிலவறையைப் பூட்டியிருந்தேன். சாவி என் பையில்.

ஐந்து இருபது.

டங்.

எலியாக இருக்கும்.

டங்.

கம்பி ஆடுகிறதோ...

டங்.

மூன்று.

ஓடியிருக்கலாம். ஆனால் கோபம் வந்தது. என் வீட்டிலிருந்து நான் ஏன் ஓட வேண்டும்?

“யாரது?”

டங்... டங்... டங்...

மெதுவாக. அடித்து அடித்துக் கை சோர்ந்தவர்கள் அடிப்பதுபோல.

“இருங்க! இழுக்கிறேன்!” என்று கத்தினேன்.

ஒரு பிணத்தை ஒற்றைக் கையால் ஏற்றுபவள் நான். அன்று இரண்டு கையும் போதவில்லை. உடம்பையே சாய்த்துச் சுற்றினேன். லிஃப்ட் வந்து நின்றது.

திறந்தேன்.

காலி.

சூடான காற்று முகத்தில் அடித்தது. புகை நாற்றம்.

பிறகு... பூட்ஸ் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக. என்னைக் கடந்து போயிற்று. எண்ணத் தைரியம் வரவில்லை.

ஒரு சத்தம் மட்டும் என் பக்கத்தில் நின்றது.

மூச்சு கேட்டது...

அதுவும் போய்விட்டது.

வாசல் கதவு தானாகத் திறந்தது. வெளியே பனியில் ஒரு தடமும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கார்லண்டுக்குப் போன் போட்டேன்.

“உன் பலகையில கடைசி வரி பொய். எடுத்துட்டுப் போ. இல்லேன்னா பனியில வீசிடுவேன்.”

“பைத்தியமா உனக்கு? ஆதாரம் வேணும், ஐரின்.”

“அது உனக்குத்தான் வேணும். எனக்கு வேணாம்.”

மறுநாள் ஊரே வந்தது. சுவர் வெறுமையாக இருந்தது. மணி அடித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. தொண்ணூறு வயது வினி அத்தை என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை அன்று ஓட்டியவர் அவருடைய அப்பா.

“அப்பா சாகறப்போ எங்கிட்ட மட்டும் சொன்னாருடி. உள்ளேருந்து மணி அடிச்சுதாம். மூணு மூணா. கூண்ட இழுத்தா காத்து போயி தீ பரவும்னு கம்பெனிக்காரன் துப்பாக்கியோட பக்கத்துலயே நின்னானாம். நாலு நாள்.”

“நாலாம் நாளு நின்னுடுச்சா அத்தை?”

“நிக்கலடி. மணிக் கம்பிய வெட்டிட்டாங்க.”