பாரிஸ் காதலுக்கு விழுந்த சம்பங்கி மாலை

இந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களைச் சுவரில் மாட்டுவதில்லை. சேலத்துக்குக் குடிவந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. கலியாணமான வருஷம் புதுச்சேரியில் நானும் என் மனைவி தனமும் எடுத்துக்கொண்ட போட்டோவை வாடகை வீட்டுக் கூடத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். நான் நாற்காலியில் கவர்னர் மாதிரி உட்கார்ந்திருப்பேன்; தனம் பக்கத்தில் நிற்பாள். உறைமோர் கேட்டு வந்த அடுத்த வீட்டம்மாள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “ஏனுங்க, இது உங்க அண்ணனுங்களா? பாவம், சின்ன வயசுலயே போயிட்டாராட்ட இருக்குதுங்க” என்றாள். அது நான்தான் என்றேன். அந்தம்மாள் உறைமோரை வாங்காமலே போய்விட்டாள். அன்று முழுக்க நான் கையை மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்தாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறோம்.

நம் புதுச்சேரியில் இப்படியா? சைகோனுக்குச் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, போன பிள்ளையைத் தொப்பியும் பித்தானுமாகச் சுவரில் மாட்டி, அதன் கீழே நின்றுகொண்டு, பணம் அனுப்பவில்லையே பாவி என்று திட்டுவோம். சுவரில் இருப்பவன் நிச்சயம் உயிரோடுதான் இருப்பான். இல்லாவிட்டால் திட்டுவதில் என்ன ருசி? இங்கேயோ சட்டத்துக்குள் போனவர் ஒன்று தெய்வம், அல்லது தெய்வமாகிப்போனவர். இது தெரியாமல் நான் இங்கே ஆரம்பித்த தொழில், போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வர்ணப்படம் எழுதித் தருவது. ஆக, எமன் வேலை முடிந்த இடத்தில் என் வேலை தொடங்குகிறது. காலமான மாமியார், காலமான முதல் மனைவி, காலமான தங்கை என்று ஜனங்கள் துணியில் சுற்றிக்கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டுப் பெண்களின் முகத்தை அந்நிய ஆண்பிள்ளையிடம் நம்பிக் கொடுப்பது இங்கே சின்ன விஷயமல்ல. அந்த நம்பிக்கைதான் எங்கள் வீட்டு அடுப்பில் எரிகிற விறகு. நானும் பெரிய யோக்கியனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கி வைப்பேன்.

என்னை இங்கே பிரெஞ்சுக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். என் நிறத்தை நேரில் பார்த்த பிறகும் அப்படிக் கூப்பிட இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும். புதுச்சேரிக் கால்வாய்க்கு இந்தப் பக்கத்துத் தமிழன் நான்; கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் கதவுகளுக்கு வர்ணம் அடித்த அளவில்தான் எனக்கும் பிரான்ஸுக்கும் பழக்கம். வணக்கத்துக்குப் போன்ழூர், நன்றிக்கு மெர்சி, பிறகு ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சொன்ன இன்னொரு வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது. இவ்வளவுதான் என் பிரெஞ்சு. ஆனாலும் கூப்பிடுகிறவர்களைத் திருத்தவில்லை. அந்தப் பெயருக்காகவே கடைக்கு நாலு பேர் வருகிறார்களே என்று விட்டுவிட்டேன். விட்டது எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் முத்துக் கவுண்டர் ஒரு நாள் கடைக்கு வந்தார். துரைமார் விருந்து ஒன்றில், உங்கள் ஊரில் மாம்பழம் தவிர வேறென்ன உண்டு என்று எவனோ கேட்டுவிட்டானாம். “நம்மூருலயும் சித்திரக்காரங்க இருக்கறாங்கன்னு காட்டோணுமுங்க. பிரெஞ்சு தேசத்துக் காதலைப் படமா எழுதி வெச்சா அசந்து போவானுங்க. எடம் என்னுது, இங்க சேலத்துலயே இருக்குது. கண்காட்சிய நீங்க முன்னால நின்னு நடத்துங்க. அந்த ஊருக்காரரு நீங்க இருக்கறப்ப எனக்கென்னுங்க கவலை?” என்றார். நல்லபடி நடந்தால் அவர் வம்சத்துப் பெரியவர்கள் அத்தனை பேரையும் எழுதுகிற வேலை எனக்கு. “ஊரு சிரிச்சுப்போட்டா மட்டும்,” என்று மீசையைத் தடவினார், “அப்பறம் எந்த ஊட்டுப் பொம்பளை போட்டோவும் உங்க கடைக்கு வராதுங்க. மத்தபடி ஒண்ணுமில்லைங்க.” எனக்குப் பயம் என்றால் முதலில் வயிறு பேசும். அன்று அது மேடைப் பிரசங்கமே செய்தது. வாய் மட்டும், “ஆகட்டுமுங்க” என்றது.

மூன்று பேர் சேர்ந்தோம். ஓமலூரில் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர். அம்மாபேட்டையிலிருந்து நாடகத்துக்குத் திரை எழுதுகிற கண்ணுச்சாமி. பிரெஞ்சு தேசமே உருவான நான். மாஸ்டர் பாரிஸ் நந்தவனம் என்று ஒன்று எழுதினார். திராட்சைக் கொடிக்கு அடியில் காதலனும் காதலியும் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் பழக்க தோஷத்தில் ஒரு கற்றாழை முளைத்திருந்தது. கண்ணுச்சாமியின் சீமாட்டி, தொப்பி வைத்த வள்ளி. ஜன்னலுக்குக் கீழே நின்ற துரைக்குக் கையில் வேல் ஒன்றுதான் குறை. “ஏனுங்க பிரெஞ்சுக்காரரே, அங்கெல்லாம் இப்பிடித்தானுங்களே?” என்று இருவரும் கேட்பார்கள். அச்சாக அப்படியே என்பேன்.

என் படம் பெரியது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கடற்பாலத்தில் கப்பல் வந்திருக்கிறது. இறங்கி வந்த சீமாட்டியைக் காதலன் முத்தமிடுகிறான். பாரிஸில் கடல் உண்டா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த பாலம் நம் புதுச்சேரிப் பாலம் ஒன்றுதான். அதையே எழுதி, தூரத்தில் நம் கலங்கரை விளக்கையும் வைத்தேன். பாலத்தின் கோடி வெறிச்சென்றிருந்ததால் ஒரு குடைக்காரனை நிறுத்தினேன். கப்பலேறப் போகிறானா, இறங்கி வருகிறானா என்று யோசிக்கவில்லை. முதுகைக் காட்டி எழுதிவிட்டால் முகம் எழுதுகிற வேலை மிச்சம். முதலில் வாய்மேல் வாய் வைத்துத்தான் எழுதினேன். மறுநாள் அதைப் பார்த்ததும் கவுண்டரின் மீசை ஞாபகம் வந்தது. வாயைச் சுரண்டிக் கன்னத்துக்கு நகர்த்தினேன். அதற்கடுத்த நாள் கன்னமும் ஆபத்தாகப் பட்டது. அவள் தலையை அவன் தோளில் சாய்த்தேன். திறந்திருந்த கண் நாலு பேரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது, மூடினேன். சிவப்புக் கவுன் கண்ணைப் பறித்தது; கறுப்பாக்கினேன். “இவங்களுக்கு என்ன ஆச்சு? மொத வாரம் நல்லாத்தானே இருந்தாங்க?” என்றாள் தனம். பயந்தவன் கையில் தூரிகை இருந்தால் காதலுக்கு என்ன கதி என்று அப்போதே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திறப்பு நாளன்று காலையில் பெண்கள் மட்டும் பார்ப்பது, மாலையில் ஆண்கள் என்று ஏற்பாடு. படத்தின் கீழே ‘பாரிஸ் நகரில் காதலர் சந்திப்பு’ என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். கவுண்டரின் மனைவி பாவாயம்மாள், கோயிலுக்குப் போகிற வழியில், பூக்கூடையும் உறவுக்காரப் பெண்களுமாக வந்திறங்கினார். வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். சட்டம் போட்ட படங்கள் இருக்கிற இடமாயிற்றே! நந்தவனத்தையும் ஜன்னல் வள்ளியையும் தாண்டி வந்து என் படத்தின் முன் அந்த அம்மாள் நின்றார். படிக்கத் தெரியாதவர் என்பதால் அட்டையைப் பற்றிய பயம் இல்லை. மற்ற எல்லாப் பயமும் இருந்தது.

வெகுநேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஏஞ்சாமி, ஆரு போயிட்டாங்க?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாளே தொடர்ந்தார்: “எழவு ஊடுதானுங்களே? இந்த அம்மிணி அழுவுதே, இது கூடப் பொறந்தவனுங்களா?”

அவர்கள் காதலர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. உறவுக்காரப் பெண்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆமாங்க, அண்ணன் தங்கச்சிங்க. அவங்க ஐயன் தவறிட்டாருங்க” என்று, அப்பாவை ஐயன் என்கிற இந்த ஊர்ப் பேச்சிலேயே, யாரோ சொன்னது கேட்டது. சொன்னது நான்தான்.

“அதானே பாத்தேன். கடலுக்கு அக்கட்டக் கட்டிக் குடுத்துப்போட்டாங்களாக்கும். கப்பலு புடிச்சு வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சாட்ட இருக்குது. பொறந்தவன் தோளுல உழுந்து அழுவறா, பாவம்.” அந்த அம்மாளே மீதிக் கதையைக் கட்டி முடித்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “எங்கையன் போனப்பக் காவேரி ரெண்டு கரையும் தண்ணி சாமி. பரிசலு போவுல. அக்கரையில எழவு ஊடு எனக்காகக் காத்துட்டு இருந்துச்சு. நா இக்கரையில நின்னேன். மொகத்தைப் பாக்கவே இல்லீங்க.” கோயிலுக்கென்று கொண்டுவந்த சம்பங்கி மாலையைக் கூடையிலிருந்து எடுத்தார். நான் தடுப்பதற்குள் பாரிஸ் காதலர்களின் மேல் மாலை விழுந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மெல்லிய குரலில் ஒப்பாரியே தொடங்கினாள்.

டிராயிங் மாஸ்டர் தூணுக்குப் பின்னாலிருந்து என் காதருகே வந்து, “ஏனுங்க பிரெஞ்சுக்காரரே, காதல் கண்காட்சின்னு கூட்டியாந்து கருமாதி பண்ணிப்போட்டீங்களே!” என்றார்.

அதோடு போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வாசலில் வில்வண்டி வந்து நின்றது. மாலையில் வரவேண்டிய கவுண்டர், முகமெல்லாம் பெருமையாக உள்ளே வந்தார். கூடவே வெள்ளை அங்கியும் நரைத்த தாடியுமாக ஒரு பாதிரிச் சாமியார். “நெசமான பிரெஞ்சுக்காரரையே கூட்டியாந்துட்டேனுங்க! படமெல்லாம் சரிதானான்னு அவரே சொல்லிப்போடட்டும்!”

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாமியார் உண்மையைச் சொன்னால், பண்ணையாரின் மனைவி இத்தனை பேருக்கு முன்னால் ஒரு காதல் ஜோடிக்கு மாலை போட்டு அழுத கதை பொழுது சாய்வதற்குள் ஓமலூர் தாண்டிப் போய்விடும். அழவைத்தவன் நான். போட்டோ சுற்றிய எல்லாத் துணிமூட்டைகளும் என் கடையிலிருந்து திரும்பிப் போகும். நான் ஓடிப்போய்ப் படத்தின் கீழே அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். சாமியார் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மெர்சி என்றேன். நீளமாக ஒன்று கேட்டார். அதற்கும் மெர்சி. அவர் தாடிக்குள் சிரித்துக்கொண்டு, “கொஞ்சம் அக்கட்ட நவுருங்க” என்றார், சுத்தமான இந்த ஊர்த் தமிழில்.

நகர்ந்தேன். அவர் அட்டையைப் படித்தார். மாலையைப் பார்த்தார். சிவந்த கண்ணோடு நின்ற பாவாயம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள், “உங்க ஊருப் புள்ளைங்க சாமி. ஐயன் போயிட்டாராமுங்க” என்றார். கவுண்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“இது பாரிஸ் இல்லீங்களே,” என்றார் சாமியார். என் உயிர் பாதி போயிற்று. “இது புதுச்சேரிப் பாலம். நா வந்து எறங்குன எடம்.” கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது. “நா கப்பலேறுறப்ப எங்க அக்கா இப்பிடித்தான் எந்தோளுல சாஞ்சுச்சு. கறுப்புக் கவுன்தான். அப்பறம் எங்க அப்பா தவறுனப்ப நா ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்தேனுங்க. சேதி வந்து சேர்றதுக்குள்ள அங்க கல்லறையில புல்லு மொளைச்சிருக்கும்.”

பாவாயம்மாள் தலையை ஆட்டினார். “அங்கயும் காவேரியில தண்ணியாக்கும்.”

“ஆமாங்கம்மா. கொஞ்சம் அகலமான காவேரி.”

கவுண்டர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சாமியார் சுவர்ப்பக்கம் குனிந்து அட்டையைக் கிழிந்துவிடாமல் பெயர்த்தெடுத்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகும்போது என் பக்கம் சாய்ந்து, பிரெஞ்சு மரியாதையோடு, “முசியே, அந்த வாயி மொதல்ல வேற எடத்துல இருந்துச்சில்ல? சொரண்டுன தடம் தெரியுது” என்றார்.

“ஆமாங்க சாமி.”

“பயமா?”

“ரொம்பங்க.”

“எனக்கும் இருந்துச்சு. கப்பலேறுனப்ப,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மாலையில் ஆண்கள் வந்து மாலையைப் பார்த்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சுற்றிப்போனார்கள். ஊர் சிரிக்கவில்லை. என் கடைக்குத் துணிமூட்டைகள் இன்னும் வருகின்றன. படத்தைப் பாவாயம்மாள் நாமக்கல் பக்கத்துத் தம் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார். கவுண்டர் சொன்னபடி அவர் வம்சத்தை எழுதுவதற்காக அங்கே போனபோதுதான் மறுபடி அதைப் பார்த்தேன். சுற்றிலும் கடலைக்காடு, காவேரியைத் தவிரப் பெரிய தண்ணீரையே பார்த்திராத அந்தக் கூடத்துச் சுவரில், கவுண்டரின் பெரியவர்களுக்கு நடுவே, என் ஊர்ப் பாலமும் என் ஊர்க் கடலும். கலங்கரை விளக்கின்மேல் ஒரு சந்தனப் பொட்டு. அமாவாசைக்கு அமாவாசை மாலை, விளக்கு எல்லாம் நடக்கிறதாம். நம் ஊர்க்காரர்களே, நீங்கள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொட்டு வைத்த அந்தக் கலங்கரை விளக்கின் முன்னால் நின்றபோது, நம் தெருவில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று என் வயிறு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டது.

பாவாயம்மாள் புது மாலையைக் கொண்டுவந்து சாத்தினார். அதன் ஒரு பக்கம் பாலத்தின் கோடியில் நின்ற குடைக்காரனின் தலைமேல் விழுந்தது. எனக்குக் கை தானாக மார்புக்குப் போயிற்று.

“இந்தக் கொடைக்காரரு ஆருஞ்சாமி? இவரும் போயிட்டாருங்களா?”

“இல்லைங்க. அவரு உயிரோட இருக்கறாருங்க” என்றேன்.

“அடக் கடவுளே, மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?” என்று பதறி, அந்த அம்மாள் மாலையை விரலால் ஒதுக்கி, குடைக்காரன்மேல் ஒரு பூவும் படாதபடி ஆணியில் மடித்துவிட்டார். பிறகு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இவரு போறாருங்களா, வாராருங்களா?”

எழுதியவனைத்தானே கேட்கிறார் என்று நானும் படத்தின் அருகில் போய்ப் பார்த்தேன். அவன் முதுகுதான் தெரிந்தது.