பேனரில் குறைந்த முகம்

என் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மாமா அடித்த பேனர் கிருமாம்பாக்கத்து மண்டப வாசலையே மறைத்தது. எட்டாம் வகுப்பு படித்த நான் அதில் கிரீடம் வைத்து மகாராணியாக நின்றேன். அப்பா, அம்மா, செத்துப்போன தாத்தா, கூலிங் கிளாஸ் மாட்டிய மாமாவின் கூட்டாளிகள் நாலு பேர் என்று எல்லோரும் இருந்தார்கள். தம்பி மட்டும் இல்லை. வேண்டாம் என்றது நான்தான். "கேமராவப் பாக்கவே மாட்டான் மாமா. கைய உதறினே இருப்பான். அசிங்கமா பூடும்" என்று கெஞ்சினேன். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; பள்ளிக்கூடத்தில் நான் அவனைப் பற்றி மூச்சு விட்டதில்லை. தானாக அதிகம் பேசமாட்டான், காதில் விழுவதைத் திருப்பிச் சொல்வான். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைத் தினமும் காலையில் விரலால் தொட்டு, "அப்பா, அம்மா, அக்கா, தம்பி" என்று முடித்த பிறகுதான் சாப்பிட உட்காருவான்.

அன்று பேனர் முன்னால் தோழிகளோடு போட்டோவுக்கு நின்றேன். மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வந்தவன், எங்களை விலக்கிப் புகுந்து பேனரைத் தொட்டான். "அப்பா, அம்மா, அக்கா..." விரல் வெற்றிடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும். குரல் ஏறிக்கொண்டே போனது, கைகளை உதற ஆரம்பித்தான்.

"யாருடி இவன்? இன்னா பண்றான்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பக்கத்து வூட்டுப் பையன்டி" என்றேன். அன்று வாய் கூசவில்லை. இன்று இதை எழுதக் கை கூசுகிறது.

தம்பி ஒரு நொடி நின்றான். பிறகு பேனரைத் தொட்டு நிதானமாகச் சொன்னான்: "அப்பா, அம்மா, அக்கா, பக்கத்து வூட்டுப் பையன்." கைகள் அடங்கிவிட்டன.

சந்தனக் கிண்ணத்தோடு அம்மா எங்கள் பின்னால் நின்றிருந்தாள். கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாடா, மானம் தப்பியது என்று நான் போட்டோவுக்குச் சிரித்தேன்.

மறுநாள் காலை, வீட்டுப் படத்தில் தன் முகத்தின் மேல் விரல் வைத்தும் அதையே சொன்னான். "தம்பின்னு சொல்லுடா, தம்பி" என்று அம்மா அழுதுகொண்டே திருத்தினாள். தட்டில் இட்லி ஆறியது. அவனுக்கு ஒன்றுமே புரியாது, இதற்குப் போய் அம்மா ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். பேனரில் "நான் எங்கே?" என்றுதான் அவன் கேட்டான் என்பதும், நான் சொன்ன பதிலை அப்படியே நம்பிவிட்டான் என்பதும் அன்று எனக்குத்தான் புரியவில்லை.