நான்கு பெயர்கள் இருந்த கோப்பு

யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். நான் சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் போவேன். மற்றவள் என்னைவிட நாலு வயது இளையவள், உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

பள்ளிக்கூட நூலகங்களுக்கான மென்பொருள் ஒன்றை ஆறு வருடமாக நான் தனியே எழுதி வந்திருந்தேன். அவள் சேர்ந்தபோது இருநூறுக்கு மேற்பட்ட கோப்புகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. எது எதை நம்பி ஓடுகிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது.

"அக்கா, இதை நான் ஒருக்கா பிரிச்சு அடுக்கட்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அவள் அவசரப்படவில்லை. ஒரு கொப்பியில், எந்தக் கோப்பு எந்தக் கோப்பை அழைத்துப் பயன்படுத்துகிறது என்று பென்சிலால் கோடு போட்டாள். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தி, அதை அழைக்கிற இடங்களிலெல்லாம் புது இடத்தைக் குறித்து, மென்பொருளை ஓட்டிப் பார்ப்பாள். ஓடினால் அடுத்தது.

ஒருநாள் மத்தியானம் நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரு பைல் இருக்கு. பேரைப் பாத்தா ஒண்டுக்கும் தேவையில்லாத மாதிரி. ஆனா கொப்பியிலை போட்ட கோடெல்லாம் அதுக்குத்தான் போகுது. அசைச்சா எல்லாம் நிக்குது."

பெயரைச் சொன்னாள். 'கிழமைகள்', அதாவது வாரங்கள், என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். பார்சலைத் திரும்ப மூடிவைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன், நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எழுதியது அது. இரண்டு திகதிகளைக் கொடுத்தால் இடையில் எத்தனை நாள், எத்தனை கிழமை என்று சொல்லும் ஐந்தாறு வரிகள். காலையில் வேலை தொடங்குமுன் அதை ஓட்டி, பிள்ளைக்கு எத்தனை கிழமை என்று பார்ப்பேன். கீழே, நிரலோடு சேராத குறிப்பாக நான்கு பெயர்கள் எழுதி வைத்திருந்தேன். இரண்டு ஆண், இரண்டு பெண். பிறக்க முந்திப் பேர் பார்க்கக் கூடாது என்று மாமி சொல்லியிருந்ததால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் கிழமையில் பிள்ளை தங்கவில்லை.

திரும்ப வேலைக்குப் போன நாட்களில், ஒரு புத்தகம் எத்தனை நாள் பிந்தி வந்தது என்று காட்டவேண்டியிருந்தது. புதிதாக எழுதத் தெம்பில்லை. கோப்பைத் திறக்காமலே அந்தக் கணக்கை அழைத்துக்கொண்டேன். அதன்பிறகு வந்த பகுதிகளும் அதையே அழைத்தன.

"பைலுக்கு உள்ளுக்கை பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா." குரல் தாழ்ந்திருந்தது. "முப்பத்தொரு இடத்திலை அந்தக் கணக்கைக் கூப்பிடுது. அதை மட்டும் பொது போல்டருக்குக் கொண்டுபோறன். கீழை கிடக்கிறதை நான் தொடேல்லை. அது உங்கடை."

தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

"முதல்லை சாப்பிடுங்கோ."

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் தோட்டத்துக்கு நடந்தேன். என் கணவர் வெங்காயத்துக்கு மெஷினால் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ, ஒரு விசயம்."

என் முகத்தைப் பார்த்தவர் மெஷினை நிற்பாட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன், நான்கு பெயர்களையும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்களும் ஒண்டும் கேக்கேல்லைத்தானே."

"கேட்டா நீர் அழுவீர் எண்டு பயந்தனான்." மண்வெட்டியை வரம்பில் குத்திவைத்தார். "மூண்டாவது பேரை இன்னொருக்கா சொல்லும்."

சொன்னேன். அவரும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர்" என்றார். வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஐந்து வருடத்தில் அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம்.

முப்பத்தொரு இடங்களையும் அவள் மாற்றி முடிக்க வெள்ளிக்கிழமையாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் நிற்கவில்லை. பழைய கோப்பில் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அதை நம்பி இனி ஒன்றுமில்லை. அழிக்கட்டோ என்று அவள் கேட்கவில்லை. திரையைப் பார்க்காமல் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நானே அழித்தேன். இன்னொருமுறை ஓட்டினேன், ஓடியது.

"வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாள்.

குடித்துவிட்டு, அவளுடைய பஸ் வரும்வரை நானும் கூட நின்றேன்.