மாணிக்கம்மாள் ஊரில் டவர் இல்லை

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ஒன்பது வருஷமாக சிம் விற்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் உண்மை சொன்னதே இல்லை. அந்த மாதம் எந்தக் கம்பெனி சிம் என்னிடம் அதிகமாகத் தேங்கிக் கிடக்கிறதோ, அதுதான் நல்ல கம்பெனி. குவார்ட்டர்ஸ்காரர்களிடம் இந்தப் பொய் செல்லுபடியாகும். டவுன்ஷிப்புக்குள் எந்த சிம்மைப் போட்டாலும் டவர் எடுக்கும். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களிடமும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், மாணிக்கம்மாள் கடைக்கு வரும்வரை.

மாணிக்கம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. திருவதிகையில் பிறந்து, முத்தாண்டிக்குப்பத்துக்கு மேற்கே முந்திரித் தோப்புகளுக்குள் இருக்கும் வேலங்கொல்லைக்கு வாழ்க்கைப்பட்டவர். டவுன்ஷிப்பில் ரோடு கூட்டும் கான்ட்ராக்டில் பதிமூன்று வருஷம். எட்டாவது வரை படிப்பு. ஒருமுறை ஒரு குவார்ட்டர்ஸ் அம்மா, "அப்படியே எங்க போர்ட்டிகோவையும் ஒரு இழு இழுத்துட்டுப் போ" என்று சொல்ல, இவர் துடைப்பத்தை ரோட்டோரத்தில் ஊன்றி நின்று, "என் கான்ட்ராக்ட்டு ரோடு வரைக்குந்தான்மா. கேட்டுக்கு உள்ள ஒங்க கான்ட்ராக்ட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த பிளாக்கே ஒரு வாரம் இதைப் பேசியது.

அவர் என் கடைக்கு வந்ததற்குக் காரணம் புது கான்ட்ராக்டர். முன்பெல்லாம் மறுநாள் யார் யாருக்கு வேலை என்பதைச் சாயங்காலமே கேட் பக்கத்து போர்டில் எழுதிப்போடுவார்கள். புது ஆள் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் செல்வகுமார் அன்றைக்குத் தேவையானவர்களை முறை வைத்து விடியற்காலை ஐந்து மணிக்குப் போனில் கூப்பிடுவான். எடுத்தவர்களுக்கு அன்றைக்கு வேலை. எடுக்காவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடுவான். ஒரே மாதத்தில் மூன்று தடவை எடுக்காவிட்டால் லிஸ்டிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் சீனியாரிட்டி போயிற்று. மறுபடி சேர்த்தாலும் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். பெர்மனென்ட் ஆகும் வரிசையில் மாணிக்கம்மாளுக்கு முன்னால் வெகு சிலர்தான் இருந்தார்கள். பதிமூன்று வருஷத்துத் தூசியையும் தின்றுவிட்டு, ஒரு போன் மணி கேட்காததால் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

"தம்பி, எங்கூருல எந்த சிம்மு எடுக்கும்?" என்று கேட்டார்.

நான் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்பெனி மேப்பைக் காட்டினேன். கடலூர் மாவட்டமே ஒரே நிறத்தில் பளபளவென்று இருந்தது. "இதைப் போடுங்கக்கா. உங்க ஊர்ல ஃபுல் டவர்" என்றேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தார். சிம்மை கவுன்ட்டரில் வைத்தார். "நீ எங்கூருக்கு வந்திருக்கியா தம்பி?"

"இல்லக்கா."

"அப்பறம் எந்த தைரியத்துல ஃபுல் டவருன்ன?"

நான் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, ஒரு சிம்மைத் திருப்பிக் கொடுக்க வந்த பொம்பளை என்னை இப்படி நிற்க வைத்துவிட்டாளே என்று. ஆனாலும் மற்ற மூன்று கம்பெனி சிம்மையும் எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் ஒரு பட்டன் போன், மகளின் பழைய டச் போன், திருப்பித் தந்ததையும் சேர்த்து இரண்டிலும் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு வாரம் அந்த அம்மாள் செய்த வேலையை எந்தக் கம்பெனியின் இன்ஜினியரும் செய்திருக்க மாட்டான். மகளின் பழைய நோட்டு ஒன்றில் வேலங்கொல்லையின் ஐம்பத்திரண்டு வீடுகளையும் கட்டம் கட்டமாகப் போட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு போனையும் பிடித்துக்கொண்டு நின்று, எத்தனை பாயின்ட் காட்டுகிறது என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குறித்தார். கம்பெனிகளின் பேரெல்லாம் அவருக்கு வாயில் நுழையவில்லை. தானே பேர் வைத்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் மட்டும் எடுப்பது தொட்டிக் கம்பெனி. போர் மோட்டார் கொட்டகைக்கு வடக்கே நான்கு அடி அகலத்தில் மட்டும் எடுப்பது கொட்டாய்க் கம்பெனி. தார் ரோட்டு வளைவு வரை வந்து அங்கேயே நின்றுவிடுவது வளைவுக் கம்பெனி. மிச்சமிருந்தது நான் ஃபுல் டவர் என்று விற்றது. அதற்கு அவர் வைத்த பேர் குமரவேல் கம்பெனி. அது என் பேர்.

அவர் முறை வரும் நாளில், காலை பஸ் முந்திரித் தோப்பைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் போன் கிணுகிணுவென்று அடிக்கும். ஐந்து மணிக்குக் கூப்பிட்டோம், ஐந்து இரண்டுக்குக் கூப்பிட்டோம் என்று மெசேஜ் வரும். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டில் போய் இறங்குவார். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் முதல் பஸ்ஸில் வந்து நின்றார். "ஆள் போட்டாச்சு, போங்க" என்பான் செல்வகுமார். இவர் போகமாட்டார். ஒன்பது மணி வரை பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார்.

வீட்டுக்காரர், "டவுன்ஷிப்புல யாரு ஷெட்டுலயாச்சும் படுத்துக்க" என்று சொல்லிப் பார்த்தார். நான்கூட, "காலையில அஞ்சு மணிக்குத் தொட்டி மேல ஏறி நின்னுக்கங்களேன்" என்று சொன்னேன்.

"ஏன் ஏறணும்? வேலைக்கு வர்றது என் பொறுப்பு. வந்துகினுதானே இருக்கேன்? அவன் போனுக்கு மணி அடிக்க வெக்கறது என் பொறுப்பா? எங்கூருல எட்டு பேரு என் மாதிரியே நிக்கிறாங்க. அத்தன பேரும் தொட்டி மேல ஏறினா தொட்டி தாங்குமா?"

மூன்றாவது தடவைக்கு மெமோ வந்துவிட்டது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்ததற்கு விளக்கம் கேட்டு, ஏன் பெயரை நீக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். கான்ட்ராக்ட் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி வைத்திலிங்கம் முன்னால் ஆஜராக வேண்டும். மாணிக்கம்மாள் நேராக என் கடைக்கு வந்து, "சிம்மு வித்தவன் நீதானே. சாட்சிக்கு வா" என்றார்.

கடை டவுன்ஷிப் இடத்தில் இருக்கிறது. ஆபீஸ் ஆட்களைப் பகைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் நோட்டைப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் குமரவேல் கம்பெனி, பூஜ்ஜியம் என்று எழுதியிருந்ததைக் காட்டினார். ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடப் போனேன்.

வைத்திலிங்கம் கெட்டவர் இல்லை. எந்த வம்பும் வராமல், சாப்பிட்டது ஜீரணமாக வேண்டும் என்று நினைக்கிற ரகம். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் சரிம்மா. ஆனா கம்பெனி மேப்புல உங்க ஊருக்கு டவர் இருக்குன்னுல போட்டிருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற செல்வகுமார் தலையாட்டினான்.

"மேப்பு வேலங்கொல்லையில குடியிருக்கலீங்க. நான் குடியிருக்கேன். நாளைக்கு சூப்பர்வைசர் சாரை எங்க வூட்டுக்கு அனுப்புங்க. நீங்க இங்கேருந்து கூப்புடுங்க. அவரு எடுத்துட்டார்னா என் பேரை நானே அடிச்சுக் குடுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு அடி அகலத்துக்கு எடுக்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே போய் இவன் நின்றுவிட்டால்? பதிமூன்று வருஷத்தைப் பந்தயத்தில் வைக்கிறாரே என்று அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி. செல்வகுமார் புது பைக்கில் கிளம்பிப் போயிருந்தான். நாங்கள் வைத்திலிங்கம் அறையில். அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சார், தெளிவா கேக்குது சார். அவங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். ஃபுல் டவர் சார்."

வைத்திலிங்கம் மாணிக்கம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் மேசைக்குக் கிட்டே போய் போன் பக்கம் குனிந்தார்.

"வணக்கம் சார். எங்க வூட்டுக்காரரு வாசல்ல முந்திரிக்கொட்டை காயவெச்சுகினு இருப்பாரு. போனை அவரு கையில கொஞ்சம் குடுங்க, ஒரு சேதி சொல்லணும்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துப் போவது மட்டும் கேட்டது. வேலங்கொல்லைக்குள் லாரி போகாது.

"அவர்... கொஞ்சம் உள்ள இருக்காரு."

"அப்ப உள்ள போயிக் குடுங்க சார். நாங்க லைன்லதான் இருக்கோம்."

"செல்வகுமார், போனை அந்த ஆள்கிட்ட குடுப்பா" என்றார் வைத்திலிங்கம். அவர் குரலில் முதல் தடவையாக ஓர் உறுத்தல் வந்திருந்தது.

வேறு வழியில்லாமல் பைக்கைக் கிளப்பினான். லைனில் இன்ஜின் சத்தம் கேட்டது. மாணிக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, வழியை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப தார் ரோட்டுல வர்றாரு. இப்ப வளைவு." செல்வகுமார், "சார், இதோ வந்துட்... சார், கேக்..." என்றான். குரல் துண்டு துண்டாக உடைந்தது. ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

"இப்ப எங்கூருக்குள்ள நுழைஞ்சுட்டாருங்க" என்றார் மாணிக்கம்மாள்.

வைத்திலிங்கம் திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது பதிவுக் குரல். அவனுடைய இரண்டாவது நம்பரிலும் அதே. பத்தரைக்கு மூன்றாவது கேட்டில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டதென்று ஆள் கேட்டார்கள்; வைத்திலிங்கம் செல்வகுமாரைக் கூப்பிட்டார், கிடைக்கவில்லை. பதினொன்றேகால் வரை ஏழு தடவை. மாணிக்கம்மாள் சுவரோரம் நின்று ஏழையும் தன் நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டார்.

செல்வகுமார் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, "சார், அங்க டவர் சரியா..." என்று ஆரம்பித்தான்.

"ஏழு தடவ கூப்புட்டிருக்காங்க சார். எங்களுக்கு மூணுக்கே பேரு போவுது" என்றார் மாணிக்கம்மாள்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். செல்வகுமாரை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சரிம்மா. உன் மெமோவைத் திரும்ப வாங்கிக்கிறேன். பேரு லிஸ்ட்ல இருக்கும், சீனியாரிட்டியும் போகாது. நீ இதோட விட்டுடு."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இத்தனையும். நான் எழுந்தே விட்டேன்.

"எங்கூருல இன்னும் எட்டு பேருங்க" என்றார் மாணிக்கம்மாள்.

"அது கான்ட்ராக்டர் முடிவுமா. நான் தலையிட முடியாது."

"முன்ன மாதிரி போர்டுல எழுதச் சொல்லுங்க. முடியலன்னா என் பேரையும் சேத்தே அடிச்சுடுங்க. ஆனா ஒண்ணு. போனு கெடைக்காத ஊருல இருக்கறதால ஒம்போது பேரை எடுத்துட்டோம்னு பேப்பருல எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வாங்கிகினு போறேன்."

மெமோவை மேசைமேல் வைத்திலிங்கம் பக்கமாகத் தள்ளினார். தள்ளியும் விரலை அதிலிருந்து எடுக்கவில்லை. நான் பார்த்தேன். பயமில்லாமல் ஒன்றும் அவர் அதைச் செய்யவில்லை. வைத்திலிங்கம் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அந்த வாக்கியத்தை எழுத அவருக்கு மனசு வரவில்லை. எழுதினால் அது யூனியன், கோர்ட் என்று எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் கான்ட்ராக்டரை போனில் பிடித்து, கால் மணி நேரம் பேசி, திங்கட்கிழமையிலிருந்து போர்டு என்று முடித்தார்.

வெளியே வராந்தாவில் செல்வகுமார் புதுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தான். போர்டுக்காக ஒன்பது பேரையும் சீனியாரிட்டி மாறாமல் அதில் எழுத வேண்டும். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், பழக்கதோஷத்தில் முதல் கட்டத்துக்கு வந்தான்.

"நம்பர் சொல்லுங்க."

"நம்பரு வேணாம் சார். பேரு இருக்குது, மாணிக்கம்மாள். எழுதுங்க."

செல்வகுமார் நம்பர் கட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தான். பிறகு எழுதினான்.