உபதேசியார் வாங்கித் தந்த உதவித்தொகை

எங்கள் காலனியில் எல்லாருக்கும் இரண்டு பெயர். மாதா கோயிலில் நான் பிலிப்ராஜ். பள்ளிக்கூடப் பதிவேட்டில் கோபால், இந்து ஆதிதிராவிடர். யாரையும் ஏமாற்றி மாடி வீடு கட்டுவதற்காக இப்படிச் செய்யவில்லை. கிறிஸ்தவன் என்று எழுதினால் அரிசன மாணவர் உதவித்தொகை கிடையாது, அவ்வளவுதான். ஞானஸ்நானம் வாங்கிவிட்டோம் என்று ஊர்த்தெருவில் யாரும் எங்களைச் செருப்போடு நடக்க விட்டதில்லை. சர்க்கார் மட்டும் நாங்கள் மாறிவிட்டோம் என்று நம்பியது.

இந்த இரட்டைப் பெயருக்கு ஒத்துவராதவர் ஒரே ஒருவர், உபதேசியார் அமலநாதன். ஒடுகத்தூரிலிருந்து மலைப்பக்கம் போகும் பாதையில் எங்கள் கோயில். பங்குச் சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் சொல்லித் தருவது, செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணுவது எல்லாம் அமலநாதன்தான். மிஷன் சம்பளம் போதாது. மலையிலிருந்து இறங்கும் புளிக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்துத்தான் வீட்டில் உலை கொதிக்கும். அப்படியும், மகள் சாந்தாமேரியைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் வழக்கம்போல 'இந்து' என்று எழுத, அதை அடித்து 'கிறிஸ்தவர்' என்று எழுத வைத்துவிட்டுத்தான் வந்தார்.

திருப்பத்தூரில் எனக்குக் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்த வருஷம், ஒரு ஞாயிறு அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் பண்ணினார். காசுக்காக ஆண்டவரை மறுதலிப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பக்கத்தில் என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

1977-இல் சாந்தாமேரி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். வேலூரில் பெண்கள் கல்லூரியில் பி.யு.சி.க்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். அமலநாதன் சாமியாரிடம் போய்க் கேட்டார். மிஷனில் அந்த வருஷத்துப் படிப்புப் பணத்தை ஏற்கெனவே வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கும் பிற்பட்டோர் உதவித்தொகை விடுதிச் சாப்பாட்டுக்கே காணாது. சேருவதற்குச் சில வாரங்களே இருந்தன. அப்போதுதான் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பிலிப்பு, அந்த மனு எப்டி எழுதறதுப்பா?"

"எந்த மனுங்க?" தெரிந்தேதான் கேட்டேன்.

"அதான், திரும்பிட்டோம்னு குடுப்பாங்களே."

"எதுலேருந்து எதுக்குத் திரும்பிட்டீங்க? தெளிவா சொன்னாதானே எழுத முடியும்."

"பொண்ணு படிக்கணும்பா. நாங்க மறுபடி இந்துவாய்ட்டோம்னு எழுது" என்றார்.

எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

மதம் திரும்பியவரைச் சொந்த சாதி ஜனம் ஏற்றுக்கொண்டதா என்று விசாரித்துத்தான் சாதி சர்டிபிகேட் தருவார்கள். ஒரு வாரத்தில் தாசில்தார் ஆபீஸ் ஆர்.ஐ. ராஜவேலு வந்தார். உபதேசியார் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தோம். அமலநாதனின் மனைவி பிலோமினாள், சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றிப் புளிக்கூடைக்கு அடியில் வைத்துவிட்டிருந்தாள்.

"இவரு உங்க சாமியதான் கும்பிடறாரா?" என்று ஆர்.ஐ. கேட்டார்.

"எங்க ஆளுதாங்க. கும்பிடறாருங்க" என்றார்கள் கூடியிருந்த காலனிக்காரர்கள். அவரிடம் வருஷக்கணக்கில் திட்டு வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவர் முகத்திலும் ஏளனம் இல்லை. ஆர்.ஐ.யும் பேனாவைத் திறந்துவிட்டார். காரியம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "போன ஆடியில மாரியம்மனுக்கு மொதக் கூழு இவருதாங்க ஊத்துனாரு" என்றேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆர்.ஐ. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அப்டிங்களா? ஊத்துனீங்களா?"

காகிதத்தில் கையெழுத்துப் போடுவது வேறு, ஜெபம் சொன்ன வாயால் ஊர் நடுவே சொல்வது வேறு. அமலநாதன் என்னைப் பார்த்தார். கோபமாக முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஊத்துனேங்க" என்றார்.

அடுத்து மகளைக் கூப்பிடச் சொன்னார் ஆர்.ஐ. சாந்தாமேரி வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம். அப்பாவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அவளாகவே வைத்துக்கொண்டிருக்கிறாள். பெயர் கேட்டதற்கு, "சாந்திங்க" என்றாள், திக்காமல் திணறாமல். அமலநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மனம் விட்டுச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்த நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

உதவித்தொகை வந்தது. அந்த மாதம் சாமியார் வந்தபோது அமலநாதன் கோயில் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, "முடியலீங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அவர் கோயிலுக்குள் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே ஜன்னலோரம் நிற்பார். உள்ளேயிருந்து நான் பார்ப்பேன். போய்க் கையைப் பிடித்து அழைத்து வர ஒரு தடவைகூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாந்தாமேரி பட்டப்படிப்பு முடித்து, 1983-இல் வேலூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தாள், அதே சாதி சர்டிபிகேட்டைக் காட்டி, அதிலிருந்த சாந்தி என்ற பெயரில். அதன் பிறகுதான் அந்த வீட்டில் புளிக்கொட்டை எடுப்பது நின்றது.

1986-இல் அவர் படுக்கையில் விழுந்தார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது கலசப்பாக்கம் பக்கம் வாத்தியாராக இருந்தேன்.

"நான் போய்ட்டா கல்லறைத் தோட்டத்துல வெக்காதீங்க" என்றார். "சிலுவயும் வாணாம், மந்திரமும் வாணாம். எவனாச்சும் மொட்டக் கடுதாசி போட்டான்னா பொண்ணு வேல போய்டும்."

"அப்டியெல்லாம் ஆவாதுங்க" என்று ஏதோ சொன்னேன்.

"நீதான் ஊர்ல சொல்லணும். நீ சொன்னா நம்புவாங்க" என்றார். நான் விட்ட கூழ்க் கதையைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

நான்காம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். காலனிச் சுடுகாட்டில் அவரைப் புதைத்தோம். எங்கள் ஜனத்தில் பாதிப் பேரை மந்திரம் சொல்லி அடக்கம் பண்ணியவர். அவருக்குச் சொல்ல வேண்டிய மந்திரம் அங்கே நின்ற எல்லாருக்கும் மனப்பாடம், அவரே சொல்லிக் கொடுத்தது. சாந்தாமேரியின் ஆபீசிலிருந்து நாலைந்து பேர் மாலையோடு வந்து நின்றார்கள். அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பார்க்கும்படியாகத் தேங்காயை உடைத்துக் கற்பூரத்தை ஏற்றியது நான்தான்.