பெயரை வெட்டிய டீச்சர்

நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்குப் போய் வெட்கப்பட்டுத் திரும்பினேன்.

அங்கே மாணவர் பெயர் பதிந்த பழைய இடாப்புகளைத் தூசு தட்டி, பென்சிலால் எண் போட்டு, பட்டியல் எழுத ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். கேள்விப்பட்டதும் போனேன்.

"என்ட பேர வெட்டினது நல்லம்மா டீச்சர். அதையும் எழுது மனே" என்றேன்.

"இதில இருக்கிறதத்தான் எழுதுவன் அம்மம்மா" என்று ஐந்தாம் வகுப்பு இடாப்பை விரித்தாள்.

என் பெயர் சிவப்பு மையில் வெட்டிக் கிடந்தது.

"பாத்தியா?" என்றேன்.

பக்கத்தில் டீச்சர் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை அவள் வாசித்தாள். "தகப்பன் மறித்துவிட்டார். மூன்று தரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். விடவில்லை."

டீச்சர் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றது எனக்கு நல்ல நினைவு. அவர் போன பிறகு அப்பா, "உன்ன வேணாமாம், பேர வெட்டிட்டாவாம்" என்றார். அதை நம்பி ஐம்பத்தெட்டு வருடம் டீச்சரை ஏசித் திரிந்தேன், அவரோடு கதைக்கவில்லை. போன மாதம் கோயிலில் அவர் சிரித்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை அடுத்த இடாப்பை எடுத்தாள்.

டீச்சர் இப்போது நாவற்குடாவில் மகளோடு இருக்கிறார். நாளைக்குப் போகப்போகிறேன். இவ்வளவு காலம் ஏசின வாயால் முதலில் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அப்பாவை ஏசி ஒருவரும் எழுத வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.