பௌர்ணமியன்று விழுந்த மின்தடை

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வேங்கிக்கால் வீட்டுக்கு வந்திருந்தேன். வந்தது உடம்பு மட்டும்தான். மனசு வேறு ஊரில், எங்கள் ஆய்வகக் குளிர்கலத்துக்குள் கிடந்த அரிசி அளவு ஆக்சைடு படிகத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

அது குறைகடத்தி. குளிரக் குளிர மின்சாரத்தைத் தடுக்கும். கொஞ்சம் ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, பூஜ்ஜிய கெல்வினை ஒட்டிக் குளிர்வித்தால் மின்தடை அடியோடு இல்லாமல் போகும், அதாவது அது மீக்கடத்தியாகிவிடும் என்பது என் நம்பிக்கை. நாலு வருஷமாக எந்தப் படிகமும் என்னை மதிக்கவில்லை. இதுதான் கடைசி, இதிலும் இல்லையென்றால் இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அன்று பார்த்துப் பௌர்ணமி. மலை சுற்றும் கூட்டம் ஊருக்குள் இறங்கிவிட்டால் போனில் ஒரு செய்தி நுழையாது. ஆய்வகத்திலிருந்து நண்பன் அனுப்பிக்கொண்டிருந்த அளவுகள் பத்து கெல்வினோடு நின்றுபோயின. மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரத்தைக்கூடத் தவறவிட்டேன்.

"கால்ல சக்கரமா கட்டினுகீற? ஒரு இடத்துல உக்காருடி!" என்று கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா திட்டினாள்.

"கீழ்பென்னாத்தூர் பக்கம் போனா டவர் கிடைக்கும், வாம்மா" என்று அப்பா வண்டியை எடுத்தார். போகும் வழியெல்லாம் அவர் தோளுக்கு மேல் போனை நீட்டிப் பிடித்திருந்தேன். ஊரெல்லாம் தாண்டி, மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருந்த ஒரு களத்தருகே போன் துடித்தது. நண்பன் எழுதியிருந்தான்: "மூணு புள்ளி நாலு கெல்வின்ல தடை திடீர்னு விழுந்துடுச்சு. பாதிக்கு மேல போச்சு."

கத்திவிட்டேன். அப்பா பிரேக்கை அழுத்தினார். "யாருக்கு என்னாச்சு?"

"கிடைச்சிடுச்சுப்பா!" என்று அவர் முதுகில் அறைந்துவிட்டு, அங்கேயே நின்று பேராசிரியரைக் கூப்பிட்டு மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "படிகத்துல கம்பியை எதை வெச்சு ஒட்டினே?" என்றார்.

"இண்டியம், சார்."

"சரி. இன்னும் கீழ போகட்டும்" என்று வைத்துவிட்டார்.

இண்டியம் நகத்தால் அழுத்தினாலே பதியும் உலோகம். மூன்று புள்ளி நாலு கெல்வினில் அதுவே மீக்கடத்தியாகிவிடும். நான் ஒட்டும்போது அது படிகத்தின் மேல் இழுபட்டிருக்கிறது. மின்சாரம் படிகத்தை விட்டு அந்தப் பூச்சு வழியாக ஓடியிருக்கிறது. மறுநாள் காலை நண்பன் சின்னதாக ஒரு காந்தப்புலம் கொடுத்து இண்டியத்தின் மீக்கடத்தலை அடக்கினான். விழுந்த தடை பழையபடி எழுந்து நின்றது. அதற்குக் கீழே, கருவியால் முடிந்த மட்டும் குளிர்வித்தும், அது ஏறிக்கொண்டேதான் போனது.

அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்து அழுதேன். வெளியே வந்தபோது அப்பா காபியோடு நின்றார். "தெரியாம நடந்த தப்புதானம்மா, வுடு."

காபியை வாங்கிக்கொண்டேன். எந்த உலோகம் எத்தனை கெல்வினில் மீக்கடத்தியாகும் என்ற பட்டியல் எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவள் நான். களத்தருகே போனைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த மூன்று புள்ளி நாலுதான். பார்த்துவிட்டுத்தான் பேராசிரியரைக் கூப்பிட்டேன்.